லிகமெண்டுக்குத் தமிழ்: ‘தசைநார்’ வேண்டாம், ‘பிணைநார்’ ஆகட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடி நாம் சேர்க்கும் பட்டியலுக்காக வந்த கேள்விகளுக்கும் யோசனைகளுக்கும் இது என் பதில்.

> ‘தசைநார்’ என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. பழகிப்போன சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிப்போனதுதான் சிக்கலே, ஐயா. கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு முழங்காலில் லிகமெண்ட் கிழிந்தால் ‘தசைநார் கிழிந்தது’ என்கிறோம். குதிகாலுக்கு மேலே டெண்டன் அறுந்தாலும் அதே தசைநார்தான். தசையே கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துபோகும் பரம்பரை நோய்க்கும் ‘தசைநார்ச் சிதைவு’ என்று பெயர். எலும்பை எலும்போடு கட்டும் லிகமெண்ட், தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டன், தசையேதான் என மூன்றுக்கும் ஒரே சொல். பேச்சுக்கு வந்தால் இன்னும் மோசம், எல்லாமே நரம்பு!

நான் திருப்பூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறவன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவர்கள், பிசிர் வெட்டும் பெண்கள், தோட்டத்தில் இருவேளையும் பால் கறப்பவர்கள் என்று வருகிறார்கள். “ராத்திரியில கை மதமதன்னு மரத்துப் போகுதுங்க, உதறுனாத்தான் தேவலைங்க” என்பார்கள். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இருக்காது, அதற்கு வேறு நரம்பு. இவ்வளவு கேட்டாலே கார்பல் டனல் கோளாறாக, அதாவது மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படும் நோயாக இருக்கும் என்று தோன்றிவிடும்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. உள்ளங்கைப் பக்கம் அவை குழிவாக அமைந்திருக்கின்றன. அந்தக் குழிவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு உறுதியான பட்டை ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறது. குழிவுக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள வழிதான் கார்பல் டனல். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை தொடங்கும் இடத்தில் அழுத்திப் பார்த்தால் உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். பட்டையின் ஒரு முனை அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது. பட்டைக்கு அடியில் ஒன்பது டெண்டன்கள்: நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டு, பெருவிரலுக்கு ஒன்று. அவற்றோடு, மரத்துப்போகும் அந்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு. உள்ளே வீக்கம் வந்தால் எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது, நசுங்குவது நரம்புதான். மருந்தும் மணிக்கட்டுக்குப் போடும் கட்டையும் பலிக்காதபோது அறுவை சிகிச்சையில் அந்தப் பட்டையை வெட்டி இடம் விடுவார்கள். நரம்பில் கத்தி படாது.

இதை ஒரு அம்மாவுக்கு யாரோ “நரம்புக்கு மேல இருக்கற தசைநாரை வெட்டுவாங்க” என்று விளக்கியிருக்கிறார்கள். அவர் காதில் விழுந்தது நரம்பும் வெட்டும் மட்டும். “நரம்ப வெட்டிப்போட்டா அப்பறம் கை எதுக்குங் தம்பி?” என்று என்னிடம் கேட்டார். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னேன். நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழுந்தது. “இதானுங்களே நரம்பு?” இல்லை, அது டெண்டன். அதுவும் பட்டைக்கு மேலே ஓடுவது. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் கைக்குப் பெரிய குறையும் இல்லை. வேறு இடத்தில் ஒட்டுப் போடுவதற்கு மருத்துவர்கள் அதையே எடுப்பதுண்டு. “அப்ப இந்தப் பச்சை நரம்பு?” அது ரத்தம் ஓடும் சிரை. உண்மையான நரம்பு வெளியே தெரியவே இல்லை என்றதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. சொல் சரியாக இருந்திருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

டெண்டனுக்குத் ‘தசைநாண்’ பாடநூல்களிலேயே இருக்கிறது. கோபியிலிருந்து எழுதிய அண்ணன் ‘வடம்’ என்றார். ஆசையாகத்தான் இருக்கிறது. கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: மாடு மேலே சரிவில் நடக்க, கிணற்றுக்குள் சால் ஏறும், நடுவில் வடக்கயிறு. விரல் மடங்குவதும் அப்படித்தான். மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. முன்கையை மறுகையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கினால் தசை புரள்வது தெரியும். ஆனால் வடத்தைத் தண்டுவடத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அதோடு ‘நாண்’ இங்கே கச்சிதம். மணிக்கட்டுப் பட்டையும் விரல்களில் உள்ள வளையங்களும் இல்லையென்றால், மடக்கும்போது டெண்டன் எலும்பை விட்டு விலகி விறைத்து நிற்கும். அந்தக் கோளாறுக்கு ஆங்கில மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் பெயரும் வில்லின் நாணை வைத்துத்தான்.

லிகமெண்டுக்கு ‘மூட்டுநார்’, ‘எலும்புநார்’ இரண்டும் முன்மொழியப்பட்டன. கல்லீரலையும் கருப்பையையும் இடத்தில் நிறுத்துபவையும் லிகமெண்டுகள்தான். அங்கே மூட்டு ஏது, எலும்பு ஏது? ஆகவே ‘பிணைநார்’.

> பிணை என்றால் ஜாமீன்தானே?

கோர்ட்டில் ஜாமீன். களத்துமேட்டில் மாடுகளைச் சேர்த்துக் கட்டிக் கதிர் மிதிக்க விட்டால் பிணையல். வேதியியலில் அணுக்கள் சேர்ந்தால் பிணைப்பு. முழங்காலில் ‘குறுக்குப் பிணைநார் கிழிந்தது’ என்று எழுதினால் யாரும் வக்கீலைத் தேட மாட்டார்கள்.

மணிக்கட்டுப் பட்டைக்குத் தனிப்பெயர் வேண்டும். அதைக் குறுக்குக் கார்பல் லிகமெண்ட் என்றும் சொல்கிறார்கள், ரெட்டினாகுலம் என்றும் சொல்கிறார்கள். புறங்கைப் பக்கமும் ரெட்டினாகுலம் உண்டு, கணுக்காலிலும் உண்டு. எல்லா இடத்திலும் அதன் வேலை, கீழே ஓடும் நாண்களை எகிறவிடாமல் பிடித்து வைப்பது. ‘வார்’ என்பது என் பரிந்துரை. செருப்பு வார் நமக்கெல்லாம் தெரிந்ததே. மணிக்கட்டு வார், கணுக்கால் வார் என்று நீட்டிக்கொள்ளலாம். ‘பட்டை’ போதாதா என்றால், மரப்பட்டை முதல் கறிமசால் பட்டை வரை அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

டனலுக்குச் ‘சுரங்கம்’ போதும், அதில் மல்லுக்கட்ட ஒன்றுமில்லை. ‘கணவாய்’ என்ற யோசனை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்கு இனிக்கும். ஆனால் கணவாய்க்குக் கூரை கிடையாது, இங்கே வம்பே கூரையால்தான். நோயின் பெயரில் மட்டும் சுரங்கத்தை விட்டுவிட்டு ‘மணிக்கட்டு நரம்பு நெருக்கம்’ என்று வைக்கலாம். நோயாளிக்கு எது நெருக்குப்படுகிறது என்பது பெயரிலேயே புரியும்.

பட்டியலில் ஏற்றும் முன் ஒரு சந்தேகம். மணிக்கட்டில் வார்கள் இரண்டு. ‘முன்வார்’, ‘பின்வார்’ என்றால் உடற்கூறு படித்தவருக்கு முன் என்பது உள்ளங்கைப் பக்கம். தையல் மெஷினில் கையைக் கவிழ்த்து வைத்திருப்பவருக்கு அது கீழ்ப்பக்கம். உள்ளங்கை, புறங்கை என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அதை ஒட்டி ‘உள்வார்’, ‘புறவார்’ என்று வைத்தால் கணுக்காலுக்கும் பொருந்துமா? அங்கே உள்பக்கம், வெளிப்பக்கம் என்றும் வார்கள் இருப்பதால் இடிக்கும் போலத் தெரிகிறது. எலும்பு மருத்துவம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.