பிளைவுட் கூண்டு: அடிப்பலகை கொதிக்கிறது, பாம்புக்குச் சூடு போய்ச் சேரவில்லை. என்ன செய்வது?

புதிய வளர்ப்பாளர்:
என் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் 4 அடி நீளம், 2 அடி அகலத்தில் நானே ஒரு கூண்டு செய்திருக்கிறேன். 28 வாட் வெப்பப் பாய் அடிப்பலகைக்கு வெளியே, தரையோடு ஒட்டி இருக்கிறது. உள்ளே சூடான பக்கத்திலேயே 26 டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது. ஆனால் பலகையின் அடியில் கை வைக்க முடியவில்லை. மரம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. இன்னொரு பாய் சேர்க்கலாமா? அல்லது உள்ளே 100 வாட் குண்டு பல்பு தொங்கவிடலாமா? அதிகம் செலவழிக்க இயலாது. பாம்பு இரை எடுக்காமல் சுருண்டே கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

தச்சுவேலை தெரிந்தவர்:
முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், மீதியைப் பிறகு படியுங்கள். பழுப்பேறிய மரம் கருகத் தொடங்கிய மரம்.

மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பாய்க்கு மேலே தடித்த பலகை, கீழே தரை. சூடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. இரண்டாவது பாய் சேர்த்தால் ஆபத்துதான் இரட்டிப்பாகும்.

பாயை வீணாக்க வேண்டாம். சூடான பக்கத்தில் பாயின் அளவைவிடச் சற்றுச் சிறியதாக அடிப்பலகையை வெட்டி எடுங்கள். அந்த இடத்தில் 4 மி.மீ. கண்ணாடியைப் பதித்து, ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். கண்ணாடியின் அடிப்பக்கம் பாயை ஒட்டுங்கள். கூண்டுக்கு நான்கு கட்டைக் கால்கள் வைத்தால் பாய்க்குக் கீழே காற்றோட்டம் கிடைக்கும். கண்ணாடிமேல் தேங்காய் நார்த்தூள் போன்ற தரைவிரிப்பை மெல்லியதாகவே பரப்புங்கள். கனமாகக் கொட்டினால் பழைய கதைதான்.

மின்பணியாளர்:
மேலே சொன்னது சரி, ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் மறுபடி இணைக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. கூண்டுக்குப் பழைய பலகை போதும், மறைவிடத்துக்கு அட்டைப்பெட்டி போதும். தெர்மோஸ்டாட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

சூடு பட்டால் பாம்பு தானே நகர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். படுத்த இடத்திலேயே வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகள் உண்டு. சூடேறும் செயற்கைக் கற்களை நான் எவருக்கும் பரிந்துரைக்காததும் இதனால்தான்.

தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் சென்சாரைப் பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் பொருத்துங்கள். உள்ளே வைத்தால் பாம்பு இழுத்துப்போடும், அல்லது தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனையும். நனைந்த சென்சார் ‘இன்னும் குளிர்கிறது’ என்றே சொல்லும். பாய் நிற்காமல் சூடேறும்.

குண்டு பல்பு வேண்டாம். இரவும் பகலும் வெளிச்சம் பாம்புக்கு நல்லதல்ல, கம்பிக்கூடு இல்லாவிட்டால் அதைச் சுற்றிக்கொள்ளும். மின்கணக்கும் பாருங்கள்: 100 வாட் நாள் முழுவதும் எரிந்தால் 2.4 யூனிட், உங்கள் பாய் விடாமல் ஓடினாலும் 0.7 யூனிட்டைத் தொடாது.

புதிய வளர்ப்பாளர்:
கழற்றிவிட்டேன், மிக்க நன்றி. அறையே குளிர்ந்தால் இந்தப் பாய் போதுமா?

பைத்தான் வளர்ப்பவர்:
போதாது. பாய் படுக்கும் இடத்தைத்தான் சூடாக்கும், காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. சூடான இடத்தின் மேற்பரப்பு 31–32, குளிர்ந்த பக்கம் 25–26 டிகிரி இருக்கட்டும். முதலில் செலவில்லாத வழி: கூண்டின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் வெளியே தெர்மோகோல் ஒட்டுங்கள். பாய்க்கு அருகில் மட்டும் அது வரவே கூடாது. அதற்குப் பிறகும் குளிர்ந்தால், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை மேலே மாட்டலாம். அதற்குப் பீங்கான் ஹோல்டர், கம்பிக்கூடு, தனித் தெர்மோஸ்டாட் மூன்றும் கட்டாயம்.

பாம்பை உள்ளே விடுமுன் ஒரு முழு நாள் வெறும் கூண்டை ஓடவிட்டு, பாம்பு படுக்கும் மட்டத்தில் காலை, மதியம், நள்ளிரவு என்று அளந்து பாருங்கள். சிலிக்கானின் புளிப்பு வாடை முழுதாகப் போயிருக்க வேண்டும். உள்ளே விட்ட பிறகு ஒரு வாரமாவது கையில் எடுக்காமல் விட்டு, அப்புறம் இரை வையுங்கள். அதற்கும் வாய் திறக்காமல் எடை குறைந்துகொண்டே வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.