மறு: சினாப்ஸின் பிளாஸ்டிசிட்டிக்கு நெகிழ்வு வேண்டாம், குழைமை என்போம்

அன்பின் அண்ணைக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் இடம் சினாப்ஸ், அதாவது நரம்பிணைப்பு. அந்த இணைப்பு வலுத்தோ தளர்ந்தோ மாறி, மாறியபடி நிற்கக்கூடிய பண்புதான் பிளாஸ்டிசிட்டி. அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதுதான் நம் இழையின் பேச்சு.

> நெகிழ்வு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல். நரம்பிணைப்பு நெகிழ்வு என்றே வைத்துவிட்டுப் போகலாமே.

புழக்கத்தில் உள்ளதைத் தோண்டிக் கிளறுவது எனக்கும் பிடிக்காது அண்ணை. ஆனால் இந்த இடத்தில் நெகிழ்வு பாதியைத்தான் சொல்கிறது. நெகிழ்வது வளையும், விட்டால் பழையபடி வந்து நிற்கும். கிளிநொச்சியில் என் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு பிள்ளை, "சேர், நெகிழுறது எண்டால் திரும்பிப் பழைய மாதிரி வந்திடுமே, அப்ப நினைவு எப்பிடி நிக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மாறியது மாறியபடி நிற்பதுதானே இங்கே விஷயமே.

1973இல் பிளிஸும் லோமோவும் வெளியிட்ட ஆய்வை எடுங்கள். மயக்கத்தில் இருந்த முயலின் மூளையில், நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸுக்குப் போகும் நரம்பிழைகளைக் கொஞ்ச நேரம் அடுத்தடுத்து வேகமாகத் தூண்டினார்கள். அதன் பிறகு கொடுத்த ஒற்றைத் தூண்டலுக்குக்கூட முன்பைவிடப் பெரிய மறுமொழி வந்தது, மணிக்கணக்காக அப்படியே நின்றது. இதற்கு நெகிழ்வு என்று பெயர் வைத்தால் கண்டுபிடிப்பின் உயிரையே விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

நான் முன்மொழிவது குழைமை. வயலில் வரம்பு கட்டக் குழைக்கிற களியை நினைத்துப் பாருங்கள்: ஈரத்தில் வைத்த வடிவத்தை எடுக்கும், காய்ந்தால் அதே வடிவத்தில் இறுகும், மாரி மழையில் ஊறினால் திரும்பவும் குழைத்து வேறு மாதிரி கட்டலாம். நரம்பிணைப்பும் இந்த மூன்றையும் செய்கிறது.

> வன்னியில் குழை என்றால் ஆட்டுக்கு வெட்டிப் போடுவது. பிள்ளைகள் குழம்புவார்கள்.

குழம்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கலம் என்றால் பாத்திரம், மரக்கலம், உயிர்க்கலம் எல்லாம்தான், உயிரியல் பாடத்தில் அதைக் கப்பல் என்று எவரும் எடுத்ததில்லை. அதோடு குழை வேறு, குழைமை வேறு. அந்த 'மை' வந்தவுடனேயே அது ஒரு பண்பு என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் இந்த இழை முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு பொருத்திப் பார்ப்போம். செய்தியைக் கொண்டுவரும் இரசாயனமான குளுத்தாமேற்று, அடுத்த கலத்தின் மென்சவ்வில் அதை ஏற்கும் புரதமான என்எம்டிஏ வாங்கியில் வந்து அமர்ந்தால் மட்டும் போதாது, அதன் துளை வழிவிடாது, ஏனென்றால் ஓய்வுநிலையில் ஒரு மகனீசியம் அயன் அந்தத் துளையை அடைத்துக்கொண்டு இருக்கும். வாங்குகிற கலமும் அதே நேரத்தில் போதிய அளவு தூண்டப்பட்டிருந்தால்தான் மின்னழுத்தம் மாறி மகனீசியம் விலகும், கல்சியம் உள்ளே வரும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உயிர்ப்போடு இருந்ததா என்று ஒரே ஒரு மூலக்கூறு பார்த்துச் சொல்கிறது! எத்தனை தரம் படிப்பித்தாலும் எனக்கு இந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு வரும்.

உள்ளே வந்த கல்சியத்தின் அளவும் வேகமும்தான் அடுத்ததைத் தீர்மானிக்கின்றன. சட்டென்று நிறைய வந்தால் காம்கே-2 என்ற நொதியம் உயிர்க்கும், குளுத்தாமேற்றை ஏற்கும் இன்னொரு வகையான ஆம்பா வாங்கிகள் கூடுதலாக மென்சவ்வுக்கு வரும், இணைப்பு வலுக்கும். அந்த நொதியம் தன் மீதே பொசுபேற்றை ஏற்றிக்கொள்வதால் கல்சியம் வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். மாறாக, கல்சியம் சிறிய அளவில் நீண்ட நேரம் கசிந்தால் கல்சினியூரின் முதலிய நொதியங்கள் பொசுபேற்றைக் கழற்றிவிடும், ஆம்பா வாங்கிகள் உள்ளே இழுக்கப்படும், இணைப்பு தளரும். ஒரே கல்சியம், இரண்டு திசை. ஆகவே பொதுப்பெயர் எந்தத் திசைக்கும் சாயக்கூடாது. போன கிழமை ஒரு நண்பர் சொன்ன 'இணைப்பு வலுப்பெறல்' அதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை. குழைமை இரண்டையும் தாங்கும்.

திசைகளுக்குத் தனிப் பெயர் வைப்போம்: லோங்-டேர்ம் பொட்டன்சியேஷனுக்கு நீடித்த வலுவேற்றம், லோங்-டேர்ம் டிப்ரெஷனுக்கு நீடித்த வலுவிறக்கம். ஏற்றம் இறக்கம் என்பது நம் வாயில் ஏற்கெனவே சோடியாக இருப்பதுதான். டிப்ரெஷன் என்று பார்த்தவுடன் அகராதியில் இருந்து 'சோர்வு' எடுத்துப் போடுவதைத் தயவுசெய்து கைவிடுவோம், வாசிப்பவர் அதை மனநோய் என்று நினைத்துவிடுவார்.

அப்புறம் இறுகல். நாட்கணக்கில் நிற்கும் நினைவுக்குச் செய்தி கலத்தின் கருவரை போக வேண்டும், கிரெப் போன்ற புரதங்கள் மரபணுக்களை இயக்க வேண்டும், புதுப் புரதங்கள் உண்டாக வேண்டும். கடல் நத்தை அப்ளிசியாவில் நரம்பியலாளர் எரிக் கண்டெல் இந்த வழியைத் துலக்கினார், 2000ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதை நினைவு இறுகல் எனலாம். அதே 2000இல் ஆய்வாளர் நேடரும் கூட்டாளிகளும் எலிகளில் காட்டியது இன்னும் சுவையானது: இறுகிவிட்ட அச்ச நினைவு, அதைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தவுடன் மறுபடி இளகுகிறது, அந்த நேரத்தில் அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவில் புரத ஆக்கத்தைத் தடுத்தால் பிறகு அந்த நினைவு குலைந்துபோகிறது. இதற்கு மீளிறுகல். குழைமையை ஏற்றால் இறுகல், மீளிறுகல் எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கின்றன, நெகிழ்வை வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தேட வேண்டும். என் பிடிவாதத்துக்குப் பெரிய காரணம் இதுதான்.

சிக்னலிங் என்பதற்குச் சமிக்ஞை போதும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். புரதப் பெயர்களை ஒலிபெயர்த்தாலே போதும்.

ஒரேயொரு சிக்கல் உண்மையில் மிச்சம். பௌதிகத்தில் வலு என்றால் பவர், இரசாயனத்தில் வலுவளவு என்று ஒன்று. உயர்தரப் பிள்ளை இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கிறது. உரமேற்றம் என்றும் யோசித்தேன், இங்கே உரம் என்றால் யூரியாதான் நினைவுக்கு வரும். திறனேற்றமும் சரியில்லை, திறன் வேறு இடத்தில் மாட்டுகிறது. பௌதிகம் படிப்பிக்கும் நண்பர்கள் வலுவேற்றத்தோடு வாழ முடியுமா என்று சொல்லுங்கள், முடியாதென்றால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். குழைமையை நான் இந்தத் தவணையிலிருந்தே கரும்பலகையில் எழுதத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்