1024 முனை டோரஸ்: விட்டம் 32 வர வேண்டிய இடத்தில் 31 வருகிறது

கேட்டவர்:
வணக்கம். இணைக் கணினிகளின் பிணைப்பு வலையமைப்புகளை, செயலிகளை முனைகளாகவும் இணைப்புகளை விளிம்புகளாகவும் கொண்டு, கோட்டுருவியல் (graph theory) அளவுகளால் ஒப்பிட ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். இரு முனைகளின் தூரம் என்பது அவற்றுக்கிடையே கடக்க வேண்டிய மிகக் குறைந்த விளிம்புகள்; அப்படிப்பட்ட தூரங்களில் மிகப் பெரியதே விட்டம். 1024 முனைகளில் ஒவ்வொன்றும் 10 முனைகளோடு இணையும் 10 பரிமாண ஹைப்பர்கியூப் சரியாக வந்துவிட்டது: விட்டம் 10, விளிம்புகள் 5120. ஆனால் 32க்கு 32 டோரஸில், அதாவது எதிரெதிர் ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும் கட்டத்தில், மூன்று நாளாகத் தவிக்கிறேன். ஒவ்வொரு முனைக்கும் 4 விளிம்புகள், மொத்தம் 2048. சராசரித் தூரமும் பாடநூல் சொல்கிற 16தான். விட்டம் மட்டும் 31! குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் தேடல் பகுதியைத் திரும்ப எழுதியும் அதே விடை. முனைகளுக்கு 0 முதல் 1023 வரை எண் கொடுத்திருக்கிறேன். வலப்பக்க முனைக்கு 1, கீழ்முனைக்கு 32 கூட்டி, 1024ஆல் வகுத்த மீதியை எடுக்கிறேன்.

முதல் பதில்:
தேடலை விடுங்கள், பிழை அங்கே இல்லை. 31ஆம் முனைக்கு வலப்பக்கம் எந்த முனை வருகிறது?

கேட்டவர்:
32 வருகிறது.

முதல் பதில்:
0 அல்லவா வர வேண்டும்? டோரஸில் கிடைவரிசையின் கடைசி முனை அதே வரிசையின் முதல் முனையோடு சேரும். உங்கள் நிரல் அதை அடுத்த வரிசையோடு சேர்த்துவிட்டது. 32 விளிம்புகள் இடம் மாறியும் எண்ணிக்கை மாறவில்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை. வரிசை எண்ணைத் தனியாகப் பிரித்து, வலப்பக்கம் நகரும்போது நெடுவரிசை எண்ணுக்கு மட்டும் 32ஆல் வகுத்த மீதியை எடுங்கள்.

இரண்டாம் பதில்:
நீங்கள் தற்செயலாக அமைத்தது பழைய, அருமையான ஒரு வலையமைப்பு. இலினாய் பல்கலைக்கழகம் வடிவமைத்த இலியாக் 4 கணினியின் 64 செயலிகள் இப்படித்தான், வரிசை எண்ணில் 1ம் 8ம் தள்ளியிருக்கும் செயலிகளோடு இணைந்திருந்தன. அங்கே விட்டம் 7; அதே 64 முனைகள் கொண்ட 8க்கு 8 டோரஸில் விட்டம் 8.

கேட்டவர்:
அப்படியானால் சராசரி 16 எப்படிப் பொருந்தியது?

இரண்டாம் பதில்:
அதுதான் உங்களை ஏமாற்றியது. பாடநூலின் 16, ஒரு முனைக்குத் தன்னோடே உள்ள சுழியத் தூரத்தையும் சேர்த்து 1024ஆல் வகுத்தது. நீங்கள் 1023ஆல் வகுக்கிறீர்கள். அப்படி வகுத்தால் டோரஸுக்கு 16384ஐ 1023ஆல் வகுத்து 16.0156 வர வேண்டும். உங்கள் அமைப்பில் ஒரு முனையிலிருந்து மற்றவற்றுக்கு உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை 16 குறைந்து 16368. அதை 1023ஆல் வகுத்தால் மிகச் சரியாக 16! விளிம்பு எண்ணிக்கையையும் சராசரியையும் மட்டும் நம்பாதீர்கள். வரிசை முடிவில் உள்ள நான்கைந்து முனைகளின் அண்டை முனைகளைக் கையால் சரிபாருங்கள்.

கேட்டவர்:
திருத்திவிட்டேன். விட்டம் 32, சராசரி 16.0156. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இலியாக் அமைப்பையும் ஒப்பீட்டில் தனி வரியாகச் சேர்க்கிறேன்.