தோட்டத்து புது போர்வெல் (நம்ம குடும்பம் குரூப்)

குப்புசாமி பெரியப்பா: சரவணா பல்லடம் தோட்டத்துல போர் 620 அடி போட்டாச்சு. 180லயும் 410லயும் ஊத்து, கம்ப்ரசர்ல ஊதுனப்ப 2 இஞ்ச் தண்ணி வந்துச்சு, ரிக் வண்டிக்காரரு 7.5 எச்பி தாங்கும்ங்கறாரு நாளைக்கே வாங்கிரலாமா

சரவணன்: அவசரப்படாதீங்க பெரியப்பா. ஊதறப்ப வர்றதுல குழிக்குள்ள தேங்குன தண்ணியும் சேந்து வரும்ங்க, ஆறரை இஞ்ச் போர்ல அடிக்கு 6.5 லிட்டர் நிக்கும், 500 அடி நின்னா 3,000 லிட்டருக்கு மேல. வாடகை மோட்டார் எறக்கி, விடாம தண்ணி எடுத்து மட்டம் எவ்வளவு எறங்குதுன்னு பாக்கற பம்பிங் டெஸ்ட் பாத்துரலாமுங்க, ஞாயித்துக்கிழமை வர்றேன்

மல்லிகா அத்தை: அண்ணா அவன் சொல்றத கேளுங்க. நாங்க பெரிய மோட்டார எறக்கி ரெண்டு தடவை காயில் கருகிப்போச்சு

(ஞாயிறு)

சரவணன்: அத்தை, காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சோம். தண்ணி மட்டம் தரைல இருந்து 95 அடி கீழ. 200 லிட்டர் பேரல் 2 நிமிஷத்துல ரொம்புச்சு. ஒன்றரை மணி நேரம் மெதுவா எறங்குன மட்டம் 180அ தாண்டுனதும் 20 நிமிஷத்துல 300க்கு போயிருச்சு. அந்த 20 நிமிஷத்துல எடுத்தது 2,000 லிட்டர், அதுல குழிக்குள்ள நின்னதே சுமார் 780, பாறை குடுத்தது மிச்சம் 1,220 தான், நிமிஷத்துக்கு 61 லிட்டர் தான் வருது

மல்லிகா அத்தை: அப்ப 180 ஊத்து வத்திருச்சா

சரவணன்: வத்தலைங்க அத்தை. நம்மூரு நைஸ்ங்கற (gneiss) கெட்டிப் பாறைல மேல உக்கிப்போன பாறைலயும் உள்ள வெடிப்புலயும் தான் தண்ணி இருக்கும், மட்டம் வெடிப்புக்கு கீழ எறங்குனா அந்த வெடிப்பே வடிய ஆரம்பிச்சு வரத்து கொறைஞ்சுரும். அதனால மட்டம் எப்பவும் 180க்கு மேலயே நிக்கோணும்

(திங்கள்)

குப்புசாமி பெரியப்பா: கண்ணு காலைல ஒயர் விட்டு பாத்தேன் தண்ணி 102 அடில நிக்குது

சரவணன்: 95க்கு இன்னும் வரலைங்களா, அப்ப பாறைக்குள்ள இருப்பு கம்மி தான். நிமிஷத்துக்கு 40 லிட்டருக்கு மேல வேண்டாமுங்க. 8 மணி நேரம் ஓட்டுனா 19,200 லிட்டர், நூறு தென்னைக்கு சொட்டுநீர்ல மரத்துக்கு 100 லிட்டர் விட்டாலும் கிட்டத்தட்ட பாதி மிச்சம். சின்ன மோட்டாரே போதும், தண்ணி இல்லைனா தானா நிக்கற ஸ்டார்ட்டரா வாங்குங்க. ஆனா இது மார்கழி கணக்குங்க, சித்திரைல இந்த தண்ணி இருக்காது

குப்புசாமி பெரியப்பா: சரி சாமி. 7.5 வேண்டாம்னு கடைல சொல்லிட்டேன். மட்டமெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன், சித்திரைல லீவு போட்டுட்டு வா, மறுக்கா அளந்து பாக்கலாம்