எம்ஜிபி முன் சஸ்பென்ஷன் கிறீச்சிடுகிறது: கிரீஸ் அடித்தும் அடங்கவில்லை

கேள்வி

வணக்கம். லண்டன் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் உள்ளது. குரோம் பம்பர் வண்டி, முன்பக்கம் ஆன்டி ரோல் பார் (வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) உண்டு. சென்ற ஆண்டு ஒரு பணிமனையில் முன் சஸ்பென்ஷன் முழுவதையும் கழற்றிச் சீரமைத்து, கீழ் விஷ்போனில் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கரம்) இருந்த ரப்பர் புஷ்களை, அதாவது மூட்டுகளில் இடும் மெத்தை வளையங்களை, எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் புஷ்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஆறு மாதம் வரை ஓசையே இல்லை. இப்போது தெருவிலுள்ள வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போதும், வெறுமனே ஓட்டுநர் இருக்கையில் நான் அமரும்போதும், எண்ணெய் காணாத ஊஞ்சல் கொக்கியைப் போல முன்பக்கம் கிறீச்சிடுகிறது. வேகமாகப் போகும்போது கேட்பதில்லை. ஒருவேளை எஞ்சின் ஓசையில் அமுங்கிப்போகிறதோ என்னவோ.

கிங்பின்களில் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் தண்டுகள்) கிரீஸ் செலுத்தும் நிப்பிள்கள் ஆறிலும் கிரீஸ் கன்னால் புது கிரீஸ் அடித்தேன், பயனில்லை. பிறகு கைக்கெட்டிய புஷ்கள் எல்லாவற்றின் மீதும் துரு இளக்கும் ஸ்பிரேயைத் தெளித்தேன். இரண்டு நாள் அமைதியாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாகவே கத்தியது. மழையில் ஓட்டினால் மட்டும் ஓசை அறவே நின்றுவிடுகிறது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா, புஷ்களை மறுபடியும் மாற்ற வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கிரீஸ் அடித்ததுதான் தவறு என்று நினைக்கிறேன். கீழ் ட்ரன்னியனுக்கு (அந்தத் தண்டின் முனை விஷ்போனோடு சேரும் மூட்டு) இபி 90 கியர் எண்ணெய்தான் விட வேண்டும். என் வண்டியின் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது.

மறுமொழி 2

மேலே எழுதிய அன்பரின் வண்டி டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வண்டிகளில் பித்தளை ட்ரன்னியனுக்குள் எஃகுத் தண்டு மரையோடு சுழல்கிறது. அதற்கு எண்ணெய்தான் சரி என்பதில் ஐயமில்லை. எம்ஜிபியின் அமைப்பு வேறு; அதற்கு ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள்கள், 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ். எனவே கேள்வி கேட்ட ஐயா செய்ததில் பொருள் தவறில்லை. ஆனால் சக்கரம் தரையில் ஊன்றியபடியே கிரீஸ் அடித்திருந்தால், எடை அழுத்தும் முகங்களுக்குள் அது புகுந்திருக்காது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும்.

இருந்தாலும் உங்கள் ஓசைக்குக் கிங்பின் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கிங்பின்னைச் சுற்றிச் சுழற்சி நிகழ்வது ஸ்டியரிங்கைத் திருப்பும்போதுதான். நீங்கள் இருக்கையில் அமரும்போது சக்கரம் திரும்பவில்லை, வண்டி ஓர் அங்குலம் தாழ்கிறது. அந்த ஓர் அங்குல அசைவில் பங்கெடுக்கும் இடங்கள் சில மட்டுமே: கீழ் விஷ்போனின் உட்புறப் புஷ்கள், கிங்பின்னின் அடியில் விஷ்போனோடு சேரும் ஊசி, மேல் ட்ரன்னியனின் புஷ்கள், எம்ஜிபியில் மேல் கரமாகவும் வேலை செய்கிற லீவர் ஷாக் அப்சார்பரின் சுழல்தண்டு, ஆன்டி ரோல் பாரின் ரப்பர்களும் இணைப்புக் கம்பிகளும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிப் பாருங்கள். அப்போது ஓசை வராவிட்டால் கிங்பின்னைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

மழையில் அடங்குகிறது என்று நீங்கள் எழுதியதுதான் இதில் மிக முக்கியமான தடயம். அதையே சோதனையாக்கலாம். துணிக்கு நீர் தெளிக்கும் சிறு புட்டியில் வெறும் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒருவரை முன் மட்கார்டை அமுக்கி அமுக்கி விடச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷில் மட்டும் தெளியுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் ஓசை நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணெயில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. எண்ணெய் பரவி எல்லாவற்றையும் நனைத்துவிட்டால் எது கத்தியது என்பதே தெரியாமல் போய்விடும், ரப்பரும் ஊதிக் கெடும். உங்கள் ஸ்பிரே மூன்றாம் நாள் கைவிட்டதில் வியப்பில்லை: அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், போகும்போது அங்கிருந்த கொஞ்சநஞ்சக் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும்.

ஷாக் அப்சார்பரை இப்போது மாற்ற வேண்டாம். எண்ணெய் அடைப்பானைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, திறந்து அளவை மட்டும் பாருங்கள்.

மறுமொழி 3

எங்களிடம் இருப்பது எம்ஜிபி ஜிடி. இதே ஓசைக்காக என் கணவரும் நானும் ஒரு கோடைக்காலம் முழுவதும் விஷ்போனையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது ஆன்டி ரோல் பாரை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் டி வடிவ ரப்பர்களில் ஒன்று. ஆகவே தண்ணீர்ச் சோதனைக்கு முன்பாகவே ஆன்டி ரோல் பாரின் இணைப்புக் கம்பிகளை இருபுறமும் கழற்றிவிட்டு வண்டியை அமுக்கிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். ஓசை நின்றுவிட்டால் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை; நிற்காவிட்டால் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

குறுக்குச் சட்டத்தை உடற்பகுதியோடு இணைக்கும் நான்கு நீண்ட போல்ட்டுகளின் ரப்பர்த் திண்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை அரிதாகத்தான் கத்தும். ஆனால் பலர் அவற்றை மறந்தே போகிறார்கள்.

கேட்டவர்

மறுமொழி அளித்த அனைவருக்கும் நன்றி. சகோதரி சொன்னபடி ஆன்டி ரோல் பாரை முதலில் கழற்றினேன், ஓசையில் மாற்றமில்லை. ஸ்டியரிங்கை மட்டும் திருப்பினால் ஓசை வரவில்லை. பிறகு மகனை மட்கார்டை அமுக்கச் சொல்லி, தண்ணீர்ப் புட்டியோடு கீழே குனிந்தேன். வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், கீழ் விஷ்போனின் பின்கரத்து உட்புறப் புஷ்ஷில் தண்ணீர் பட்ட அடுத்த அமுக்கலில் ஓசை நின்றது. காய்ந்த பிறகு திரும்பியது. மறுபடி நனைத்ததும் நின்றது. மூன்று முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆனால் இந்தப் புஷ் புதியதாயிற்றே? ஓராண்டுகூட ஆகாத புஷ் எப்படிக் கெடும்?

மறுமொழி 2

புஷ் கெட்டிருக்காது, காய்ந்திருக்கும். ரப்பர்ப் புஷ் வழுக்குவதில்லை; இருபுறமும் இறுகப் பிடிபட்டு, விஷ்போன் அசையும்போது தன் உடலை முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது. உராய்வே இல்லாததால் அதற்குக் கிரீஸ் வேண்டியதில்லை. பாலியூரித்தேன் விறைப்பானது, அந்த அளவுக்கு முறுங்காது, தண்டின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. அதனால் தண்டைத் தழுவும் உட்புறத்திலும், வாஷரைத் தொடும் பக்கவாட்டு முகத்திலும் கெட்டியான சிலிக்கான் கிரீஸ் பூசித்தான் பொருத்த வேண்டும். பக்கவாட்டு முகத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பணிமனையில் பெயருக்குப் பூசியது ஆறு மாதத்தில் பிழியப்பட்டு வெளியேறியிருக்கலாம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இதே புஷ்ஷைக் கழற்றித் துடைத்து, தண்டிலுள்ள துருவைத் தேய்த்து, சிலிக்கான் கிரீஸோடு மீண்டும் போடலாம். சில ஆண்டுகளில் இதே வேலை திரும்ப வரும். அல்லது 1973க்கும் 1976க்கும் இடையே தயாரான எம்ஜிபி ஜிடி வி8 வண்டியின் புஷ்களைப் போடலாம்; எஃகுக் குழாயோடு ரப்பரை ஒட்டவைத்த அந்த ஒற்றைத் துண்டு புஷ்கள் உங்கள் வண்டியிலும் பொருந்தும். பந்தயத்துக்குப் போகாத வண்டிக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பாலியூரித்தேன் நல்லதுதான், ஆனால் ஊர்த் தெருவில் ஐம்பது ஆண்டுப் பழைய வண்டியை ஓட்டுபவருக்கு அது தருவதைவிடக் கேட்பது அதிகம்.

எதைச் செய்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். முன் ஸ்பிரிங் அந்த விஷ்போனுக்கு மேலேதான் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. பிடி தவறினால் ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் சக்கர ஜாக்கியைக் கொடுத்த பிறகே கீழ் ஊசியைக் கழற்றி, ஸ்பிரிங் முழுவதும் தளரும்வரை ஜாக்கியை நூல் நூலாக இறக்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலியையும் மாட்டி வையுங்கள்.

நாற்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி எனும் பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால் பலரும் போவதில்லை. சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டிய பிறகாவது விரும்பிப் போய் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

மறுமொழி 3

ஐயா வி8 புஷ்களைத் தேர்ந்தெடுத்தால், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது விஷ்போன் புஷ்ஷைப் பிடித்திருக்கும் கோட்டை நட்டை (கழன்றுவிடாமல் ஸ்பிளிட் பின் மாட்டப் பள்ளங்கள் வெட்டிய நட்டு) இறுதியாக இறுக்கிவிட வேண்டாம். அந்த நிலையில் இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டதுமே ரப்பர் பாதி முறுங்கியபடிதான் நிற்கும், விரைவில் கிழிந்துவிடும். விரலிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வந்த பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். எங்கள் முதல் தொகுதி இப்படித்தான் வீணாயிற்று.

கேட்டவர்

வேலை முடிந்தது. வலப்பக்கத்து இரண்டு கரங்களையும் கழற்றிப் பார்த்தபோது, மறுமொழி 2இல் ஐயா ஊகித்தது அப்படியே இருந்தது: முன்கரத்துப் புஷ்ஷின் உள்ளே ஓரளவு கிரீஸ் எஞ்சியிருந்தது, பின்கரத்துப் புஷ்ஷின் பக்கவாட்டு முகம் கிரீஸையே கண்டதில்லை, கண்ணாடிபோல் பளபளத்து, எதிரிலிருந்த வாஷரில் வட்டமாகத் துருத்தடம் பதிந்திருந்தது. இருபுறமும் வி8 புஷ்களையே போட்டேன். வண்டியைத் தரையில் நிறுத்திய பிறகே நட்டுகளை இறுக்கினேன். அதற்காகச் சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை அடுக்கி, படுத்துக்கொண்டு ரெஞ்சு பிடிக்க இடம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் கிறீச்சொலி போய்விட்டது. அது போன பிறகு, இடப்பக்க மேல் ட்ரன்னியனில் இதுவரை கேட்காத மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. தண்ணீர்ப் புட்டியில் சோதித்துவிட்டேன். அங்கும் அதே பணிமனை போட்ட பாலியூரித்தேன்தான். புஷ்ஷை எடுத்து, சிலிக்கான் கிரீஸ் பூசி, அடுத்த வாரம் திரும்பப் போடப்போகிறேன்.

மறுமொழி 2

நல்லது. கோட்டை நட்டுகளுக்குப் பழைய ஸ்பிளிட் பின்களையே திரும்ப மாட்டவில்லை என்று நம்புகிறேன்.

கேட்டவர்

இல்லை ஐயா, எல்லாம் புதியவை.