கிக்குச்சி நோய் (நெறி, அதாவது நிணநீர் முடிச்சுகள் வீங்கும் நோய்): உங்களுக்கு எதிலிருந்து தொடங்கியது?

தாழை:
கழுத்தில் நெறி கட்டியது, மாலையானால் காய்ச்சல், வெள்ளணுக்கள் குறைவு. மீதி உங்களுக்கே தெரியும். ஊசியால் உறிஞ்சி எடுத்த சோதனை எதையும் உறுதிப்படுத்தவில்லை. ஒரு நெறியை முழுதாக வெட்டியெடுத்துப் பயாப்சி செய்த பிறகுதான் பெயர் தெரிந்தது. "புற்றுநோயும் இல்லை, காசநோயும் இல்லை. இது சில மாதங்களில் தானாகப் போய்விடும்" என்று மருத்துவர் சிரித்தார். அம்மா விடவில்லை: "தானாகப் போவது தானாகவா வந்தது?" சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் அறிக்கையை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பதில் வரவில்லை. அதற்குச் சற்று முன்னால் எனக்குக் கடுமையான தொண்டை வலி இருந்தது. அதுவா?

ஆற்றுமணல்:
அதேதான். எனக்கும் தொண்டையில்தான் ஆரம்பம். தொண்டை வலியும் காய்ச்சலும் தரும் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

கூகை:
நிறைய வேண்டும், ஆற்றுமணல். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த எதிர்ப்பொருள் இருக்கும். அவர்களுக்கெல்லாம் கிக்குச்சியா வந்தது? 1972இல் ஜப்பானில் கிக்குச்சி, ஃபுஜிமோட்டோ என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்ததிலிருந்து ஹெர்பிஸ் 6, பார்வோ வைரஸ் பி19, டாக்சோபிளாஸ்மா, யெர்சினியா என்று பல கிருமிகளின் மீதும் சந்தேகம் விழுந்திருக்கிறது. ஒன்றும் நிரூபணமாகவில்லை. எனக்குக் கோவிட் தடுப்பூசி போட்ட கைப்பக்கமே அக்குளில் நெறி கட்டியது. அப்படிச் சிலருக்கு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு என்றார் மருத்துவர்; ஆனால் ஊசிதான் காரணம் என்று எழுதித்தர மறுத்துவிட்டார். கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

மருதம்:
என் தங்கைக்கு வந்து, தானே அடங்கியது. அது கிடக்கட்டும். எல்லோரும் கிருமியையே துரத்துகிறீர்களே, லூபஸை, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் அந்த நோயை, ஏன் யாரும் பேசவில்லை? அது கிக்குச்சிக்கு முன்னும் வரலாம், கூடவும் வரலாம், பின்னும் வரலாம். லூபஸைத் தேடும் ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை செய்யுங்கள். மூட்டுவலி, கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண் தென்பட்டால் காத்திருக்காதீர்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள். பயாப்சி கண்ணாடித் தகடுகளைப் பத்திரப்படுத்துங்கள். லூபஸில் வீங்கும் நெறியும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும், பிறகு மறுபார்வைக்கு உதவும். சிலருக்கு இந்த நோய் திரும்பவும் வருகிறது. ஆகவே நெறி வற்றிவிட்டது என்று மருத்துவரை மறந்துவிடாதீர்கள்.

தாழை:
ஏ.என்.ஏ. அப்போதே பார்த்தாகிவிட்டது, நெகட்டிவ். நான் காரணத்தைக் கேட்டேன், சோதனைப் பட்டியலை அல்ல.

ஆற்றுமணல்:
கூகை, அந்தப் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது பழைய தொற்றின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள். எனக்கு வந்தது ஐஜிஎம் வகை, புதிய தொற்றில் வருவது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?