திரிபுள்ள மென்படலத்தில் ஸ்பின் கடத்தலை மாற்றுவது ஃபோனானா, எலக்ட்ரான் பட்டையா?

கேள்வி:
கேலியம் ஆர்செனைடு அடித்தளத்தின் மேல் வளர்க்கப்படும் இண்டியம் கேலியம் ஆர்செனைடு மென்படலங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். இண்டியம் சேர்ந்ததால் அணியிடைவெளி (படிகத்தில் அணுக்களின் இடைவெளி) பெரிதாகிவிட்ட படலம், அடித்தளத்தோடு பொருந்துவதற்காகப் பக்கவாட்டில் அமுங்கி, செங்குத்துத் திசையில் சற்றே நீள்கிறது. இந்த உருமாற்றம், அதாவது திரிபு, அதிர்வுப் பட்டைகளின் சமச்சீரையும் குறைப்பதால், இடவியல் தன்மையுள்ள (பட்டைகள் சந்திக்கும் புள்ளிகள் எளிதில் அழியாத) ஃபோனான்கள், அதாவது படிக அதிர்வின் குவாண்டங்கள், தோன்றி எலக்ட்ரான்களின் ஸ்பின் (உள்ளார்ந்த கோண உந்தம்) ஓட்டத்தைப் பாதிக்கும் என்று கருதலாமா? சோதனையில் அதை எப்படி அடையாளம் காண்பது?

பதில் 1:
கருதலாம், ஆனால் அதற்கு முன் எலக்ட்ரான்களின் பங்கைக் கணக்கிட்டுவிட வேண்டும். திரிபில்லாத கேலியம் ஆர்செனைடில் கடத்துபட்டையின் (மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை) ஸ்பின் பிளவு, அதாவது எதிரெதிர் ஸ்பின்களுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு, உந்தத்தின் மும்மடியைச் சார்ந்தது. திரிபு வந்தவுடன் உந்தத்துக்கு நேர்விகிதமான பிளவும் அதனுடன் சேர்கிறது. 2004இல் கேட்டோ, மையர்ஸ், கோசார்ட், ஆவ்ஷலோம் ஆகியோர், திரிபுள்ள குறைக்கடத்திகளில் இந்தப் பிளவைப் பயன்படுத்தி, வெளிக் காந்தப்புலம் இல்லாமலே எலக்ட்ரான் ஸ்பின்களைச் சுழலச் செய்தனர். இந்தப் பிளவை நகரும் எலக்ட்ரான் ஓர் உள் காந்தப்புலம் போல உணர்கிறது. எலக்ட்ரான் சிதறும்போதெல்லாம் அதன் திசை மாறுவதால், அதே உள்புலம் ஸ்பின் ஒழுங்கைக் குலைக்கவும் வல்லது (டியகோனோவ்–பெரெல் முறை). எனவே திரிபு கூடியபோது ஸ்பின் ஆயுள் குறைந்தது என்பதை மட்டும் வைத்து ஃபோனானைச் சுட்டுவது சரியாகாது. படலம் மாறுநிலைத் தடிமனை (திரிபைத் தாங்கக்கூடிய உச்சத் தடிமன்) தாண்டியிருந்தால் பொருத்தமின்மைப் பிறழ்வுகள் (அணு அடுக்கில் ஏற்படும் குறைகள்) தோன்றித் திரிபின் ஒரு பகுதி தளர்ந்துவிடும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பதில் 2:
இதற்கு உடன்படுகிறேன். இடவியல் ஃபோனானையும் கைரல் ஃபோனானையும் (அணுக்கள் வட்டமாக அதிரும் முறை) பலர் ஒன்றாகவே எண்ணிவிடுவதால் இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். இரும்பு மோனோசிலிசைடில் 2018இல் மீட்சியற்ற எக்ஸ் கதிர்ச் சிதறல் மூலம் காணப்பட்ட இரட்டை வைல் புள்ளிகள் இடவியல் ஃபோனானுக்கு எடுத்துக்காட்டு; அவை அதிர்வுப் பட்டைகள் சந்திக்கும் விதத்தைக் குறிப்பவை. அவை இருப்பதாலேயே ஸ்பின் மாறிவிடாது. ஸ்பினுக்குக் கைமாறக்கூடியது கோண உந்தம். அதைச் சுமப்பவை அணுக்கள் வட்டப்பாதையில் அதிரும் முறைகள். காந்தத்தன்மையற்ற படிகத்தில், வெப்பச் சமநிலையில், எதிரெதிர் உந்தமுள்ள முறைகளின் கோண உந்தங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. அந்தச் சமநிலையைக் குலைக்க வெப்பநிலைச் சரிவு போன்ற ஒன்று தேவை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் வெப்பநிலையையே சோதனைக் கருவியாகக் கொள்ளலாமா?

பதில் 2:
கொள்ளலாம். கேலியம் ஆர்செனைடின் நெட்டலை ஒளியியல் ஃபோனானின் (அண்டை அணுக்கள் அலை செல்லும் திசையில் எதிரெதிராக அதிரும் முறை) ஆற்றல் ஏறத்தாழ 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 26 என்பதால் அம்முறைகள் கணிசமாகக் கிளர்ந்திருக்கும். 10 கெல்வினிலோ அவை ஏறக்குறைய இல்லாமலே போகும். நீங்கள் கருதும் ஃபோனான் பட்டைகளின் சந்திப்புப் புள்ளி ஒளியியல் கிளைகளில் இருந்து, திரிபின் விளைவு 10 கெல்வினிலும் குறையாமல் நீடித்தால், அதன் காரணத்தை எலக்ட்ரான் பட்டைகளில்தான் தேட வேண்டும்.